விமானம் மாறும் ஊரில் கேட்ட கேள்வி

அன்புள்ள ராஜி,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும். "யோசிச்சுச் சொல்றேன் தாயி" என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் பேசுவது எனக்கு எப்போதுமே சரிப்பட்டு வருவதில்லை. நான் ஒன்றை ஆரம்பித்து முடிப்பதற்குள் நீ அடுத்ததற்குப் போய்விடுகிறாய். நடுவில் பேரன் போனைப் பிடுங்கித் தாத்தா என்கிறான். அவன் குரலைக் கேட்டதும் நான் சொல்ல வந்தது என்னவென்றே மறந்துபோகிறது. எழுதினால் யாரும் குறுக்கே வர மாட்டார்கள். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

இரண்டாவது பிரசவத்துக்கு நான் வந்து உன்னோடு இருக்க வேண்டும் என்று நீ கூப்பிட்டாய். அதைக் கேட்டு எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. அன்றைக்கு ஆலையில் இரண்டு பேர் என்னைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, மொகத்துல வெளக்குப் போட்டாப்புல இருக்கு" என்று கேட்டார்கள். ஆனால் கூப்பிட்டதோடு மூன்று விஷயமும் சொன்னாய். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஆலைக்குப் போவதை நிறுத்திவிட வேண்டும். பழைய பை எதையும் தொடாமல் புதிதாக வாங்க வேண்டும். மூன்றாவதாக, வழியில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் பிரிண்டிங் பிரஸ் என்று சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டையும் நீ சொல்லாவிட்டாலும் நானே செய்திருப்பேன். மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ கல்யாணமாகி அமெரிக்கா போனபோது, எவ்வளவு தூரம் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். சென்னையிலிருந்து சிகாகோவுக்குப் பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்றார். எனக்குத் தூரம் என்றால் லாரிதான். சிவகாசியில் கல்கத்தாவுக்கு லோடு ஏற்றினால், இறங்கியது என்று போன் வர ஒரு வாரம் ஆகும். அந்தக் கணக்கில் உன் ஊருக்கு ஒரு மாதத்துக்கு மேல் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "அம்புட்டெல்லாம் இல்ல மாமா, ஒரு நாள்தான். பத்து மணி நேரம் பறந்து ஜெர்மனியில விமானம் மாறணும், அப்புறம் ஒன்பது பத்து மணி நேரம். நடுவுல காத்திருக்கிற நேரத்தையும் சேத்தா ஒரு பகல் ஒரு ராத்திரி" என்றார். ஒரு நாள் என்று கேட்டதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. உனக்கு ஒன்று என்றால் மறுநாள் வந்து நின்றுவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் உன்னை அனுப்பி வைத்தேன்.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவதுதான் நம் வழக்கம். உன்னை அழைத்து வர முடியவில்லை. ரத்தக் கொதிப்பு இருக்கிறது, விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் அம்மா அதற்கு மூன்று வருஷம் முன்பே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். உன் மாமியாருக்குக் காலில் ஆபரேஷன். அப்போதுதான் நீ, "அப்பா, நீங்களாவது வாங்க" என்றாய். ஆம்பளை போய்ப் பிரசவம் பார்க்கப் போறானாம் என்று தெருவில் கேலி பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் உட்கார்ந்து பேறுகாலப் பொடி இடிக்கக் கற்றுக்கொண்டேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இன்னும் என்னென்னவோ. கருப்பட்டியோடு சேர்த்துக் கிண்டுகிற பக்குவத்தை நான் இரண்டு முறை தீய்த்த பிறகுதான் பிடித்தேன். இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மன் திருநீறு வாங்கினேன். குழந்தையைக் குளிப்பாட்ட அரைத்த மஞ்சளும் பயற்றம் மாவும் எடுத்து வைத்தேன். உன் அம்மா இருந்தால் என்னென்ன கட்டுவாளோ அத்தனையும் கட்டினேன். கட்டியது எதில் என்றால், நம் வீட்டில் எதைக் கட்டினாலும் எதில் கட்டுவோமோ அதில்தான்.

அது உனக்கே தெரியும். அச்சாபீஸில் கழிக்கிற தாள்களைத்தானே இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அலமாரியில் விரிக்கிறோம், பொட்டலம் கட்டுகிறோம், பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டை போடுகிறோம். சாமி படக் காலண்டர் தாள் கிடைத்தால் சாமி படம், வெடி லேபிள் கிடைத்தால் வெடி. பிறந்ததிலிருந்து பார்க்கிறதால் அதில் என்ன படம் இருக்கிறது என்று யார் கவனிக்கிறோம்? கறுப்புப் பொடி, சாம்பல், மஞ்சள் பொடி, மூன்றையும் திரி எரிகிற உருண்டை வெடிகுண்டு படம் போட்ட, பெரிய இங்கிலீஷ் எழுத்தில் குண்டு என்று அச்சடித்த லேபிள் தாளில் மடித்துக் கட்டினேன். பெட்டி தொலைந்துபோனால் என்ன செய்வது என்று அவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். அந்தக் கைப்பை நான் தினமும் ஆலைக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பை. நன்றாக அலசிக் காயப்போட்டுத்தான் எடுத்தேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை.

சென்னையில் பெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, இவளுக்கு இப்பவே வலி எடுத்துருச்சு, ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டோம். நீங்க பதறாம வாங்க" என்றார். பதறாமல் எப்படி வருவது? விமானம் ஏறியதிலிருந்து முன்னால் இருந்த சின்னத் திரையை விட்டு என் கண் அகலவில்லை. அதில் ஒரு பொம்மை விமானம் கோட்டின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. இன்னும் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று எழுத்து ஓடியது. தலைப்பிரசவம், ஒரு நாள் ஆகும், நான் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் அம்மாவுக்கு நீ பிறக்க ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆனது. சாத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்ற நேரமும் இந்தப் பயண நேரமும் ஏறக்குறைய ஒன்று. நடுவில் கொடுத்த சாப்பாட்டை நான் தொடவில்லை. பக்கத்தில் இருந்தவர் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்து பணிப்பெண்ணைக் கூப்பிட்டார்.

ஜெர்மனியில் இறங்கி, அமெரிக்கா போகும் விமானத்துக்கு மறுபடி சோதனை. ஒரு பையன், உன் தம்பி என்று ஒருவன் பிறந்திருந்தால் அந்த வயசு இருப்பான், ஒரு துணித் துண்டால் என் உள்ளங்கையையும் பையின் வாரையும் துடைத்து ஒரு எந்திரத்துக்குள் கொடுத்தான். எந்திரம் கத்தியது. இன்னொரு துண்டு எடுத்துத் துடைத்தான், மறுபடி கத்தியது. பையைத் திறந்தான். மேலேயே அந்த மூன்று பொட்டலம். அந்தப் படங்களை நான் அப்போதுதான் முதல் முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். அவன் ஒரு அடி பின்னால் போனான். எனக்கு அவன் மேல் கோபமே வரவில்லை ராஜி. நீ பிறகு, என் அப்பாவைத் திருடன் மாதிரி நடத்திவிட்டார்கள் என்று அழுதாய். அவன் செய்தது நான் இருபத்தைந்து வருஷமாக ஆலை வாசலில் செய்கிற வேலை. ஆள் ஆளாக நிறுத்தி, பீடி இருக்கா, தீப்பெட்டி இருக்கா, செல்போன் இருக்கா என்று தடவிப் பார்த்து உள்ளே விடுகிறவன் நான். அவன் நிலைமையில் நான் இருந்தாலும் என்னை உள்ளே விட்டிருக்க மாட்டேன்.

போலீஸ்காரர்களைக் கூப்பிட்டு என்னை ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். என் இங்கிலீஷ் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அங்கே வேலை பார்க்கிற ஒரு தமிழ் அம்மாவைக் கூட்டி வந்தார்கள், யாழ்ப்பாணத்துப் பக்கம். "ஐயா, பயப்பிடாதேங்கோ. இவை கேக்கிறதை நான் தமிழில சொல்லுறன்" என்றார். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொடிகள் என்ன, எதற்கு, யாருக்கு என்று கேட்டார்கள். சொன்னேன். பிள்ளை பெறப் போகிற மகளுக்கு என்றதும் அந்த அம்மாவின் முகம் மாறியது. பிறகு, "நீங்கள் என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்டார்.

"பட்டாசு ஆலையில போர்மேனா இருக்கேம்மா."

அந்த அம்மா உடனே அதை அவர்களிடம் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "ஐயா, இதை நான் அப்பிடியே சொல்லட்டோ?" என்று கேட்டார். எனக்கு நல்லது செய்ய நினைத்துத்தான் கேட்டார், பாவம். வேறு ஏதாவது சொல்லிக்கொள் என்று ஒரு வழி திறந்துவிட்டார். அந்த நேரம் எனக்குப் பேச்சிதான் ஞாபகம் வந்தாள்.

பேச்சியை உனக்குத் தெரியாது, நீ காலேஜில் இருந்தபோது வேலைக்குச் சேர்ந்தவள். விடிகாலை அடுப்புப் பற்ற வைத்த தீப்பெட்டியை அவசரத்தில் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வேனில் ஏறி வந்துவிட்டாள். வாசலில் வரிசையில் நிற்கும்போதுதான் அவள் கையில் அது தட்டுப்பட்டிருக்கிறது. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பையைச் சோதித்து உள்ளே விட்டுவிட்டேன். அவள் இடுப்பில் கையை வைத்தபடியே நடந்து போவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, வெடிமருந்து அறைக்கு நாலு எட்டு முன்னால் நிறுத்தினேன். "ஏம்மா வாசல்லயே சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா இன்னைக்கு வேலை போயிரும்ல அண்ணாச்சி. சாயங்காலம் வரைக்கும் இங்கனயே கெடந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன்" என்றாள். உள்ளே அந்த அறையில் மூன்று பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அவளைத் திட்டக்கூட எனக்குத் தெம்பு இல்லை. தீப்பெட்டி வந்தது கைத்தவறு, யாருக்கும் வரும். அவள் அதை மறைத்ததற்குக் காரணம் எங்கள் மேல் இருந்த பயம். அன்றிலிருந்து, தானாக எடுத்துக் கொடுக்கிறவர்களுக்கு வேலை போகாது, சம்பளமும் போகாது என்று முதலாளியிடம் சண்டை போட்டு வாங்கினேன். மறு வாரமே இரண்டு பேர் அவர்களாக வந்து கொடுத்தார்கள்.

அதனால் அந்த அம்மாவிடம், "அப்படியே சொல்லுங்கம்மா" என்றேன். சொன்னார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் எந்திரம் ஏன் கத்தியது என்பதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. இனி நான் சொல்வது உண்மையா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அம்மா கேட்டார்: "உங்கட மகளின்ர இல்லாட்டி மருமகன்ர நம்பர் இருந்தா தாங்கோ. ஒருக்கா கதைச்சா கெதியா முடிஞ்சிடும் எண்டினம்." போனில் ஒரு தரம் பேசினால் சீக்கிரம் விட்டுவிடுவார்களாம்.

இங்கேதான் ராஜி, நான் உனக்கு இதுவரை சொல்லாத விஷயம் இருக்கிறது. உன் நம்பரும் மாப்பிள்ளை நம்பரும் என் சட்டைப்பையில் இருந்தன. நான் கொடுக்கவில்லை. என் மகள் வலியில் இருக்கிறாள், அவள் புருஷன் பக்கத்தில் இருக்கிறார், இந்த நேரத்தில் அவர்களுக்குப் போலீஸ் போன் வர வேண்டாம் என்று சொன்னேன். அந்த அம்மா இரண்டு முறை எடுத்துச் சொல்லியும் பார்த்தார். அப்படியென்றால் பொடிகளைச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்றார்கள். காத்திருந்தேன். விமானம் போய்விட்டது. பொடிகளில் தப்பு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு கையைக் குலுக்கி, தவறாக எண்ண வேண்டாம் என்று சொல்லி, மறுநாள் விமானத்துக்குச் சீட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். திருநீற்றை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். லேபிள் தாளைக் கழற்றிவிட்டு, ஒரு வெள்ளை உறையில் போட்டு. அந்த அம்மா தன் கைக்காசில் எனக்கு ஒரு ரொட்டியும் காப்பியும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் உனக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று உறைத்தது, என் செல்போன் அந்த ஊரில் வேலை செய்யவில்லை. நான் ஏறியிருக்க வேண்டிய விமானம் மத்தியானம் உன் ஊரில் இறங்கிவிட்டது. சாயங்காலம் என் பேரன் பிறந்தான். அந்த நேரம் நான் விமான நிலையத்தில் ஒரு நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தேன்.

மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குள் வந்தபோது நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாய். "அம்மான்னா எப்படியும் வந்து நின்னுருப்பா. நீங்க ஒரு போன்கூடப் பண்ணலயேப்பா" என்றாய். நான் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு நெற்றியில் திருநீறு வைத்தேன். நீ சொன்னது சரி. உன் அம்மா அந்த எந்திரத்தையே தூக்கிப் போட்டுவிட்டு வந்திருப்பாள். அந்த வார்த்தை எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது, ஆனால் அதற்காக உன் மேல் வருத்தம் இல்லை. வலியில் கிடந்தவள், தாயில்லாத பிள்ளை, வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவள் வேறு என்ன சொல்வாள்.

போலீஸ் போன் வந்து நீ பயந்துவிடக் கூடாது என்று நம்பரைக் கொடுக்கவில்லை என்றேனே, அது பாதிக் காரணம். மீதியையும் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று அவர்கள் உன்னைக் கேட்டிருப்பார்கள். நீ பிரிண்டிங் பிரஸ் என்று சொல்லியிருப்பாய். மாப்பிள்ளையைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார், ஏனென்றால் உன் சிநேகிதர்களிடம் நீ சொன்ன அதே வார்த்தையைத்தான் அவரும் சொல்லிப் பழகியிருக்கிறார். நான் ஒன்று சொல்லி நீ ஒன்று சொன்னால் அதற்குமேல் என்னை விமானத்தில் ஏற்றுவார்களா? உன்னையும் அல்லவா சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்? அந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டேன். மறைத்ததற்காகப் பேச்சியை விசாரித்த நானே, ஒரு துண்டுச் சீட்டைச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ இப்படிச் சொல்கிறாய் என்பது எனக்கு எப்போதோ தெரியும். ஆறாம் வகுப்புக்கு விருதுநகர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது, புத்தகத்துக்கு நான் போட்ட லேபிள் அட்டைகளை எல்லாம் கிழித்துவிட்டுக் காக்கித் தாள் வேண்டும் என்று அழுதாய். மதுரையில் ஹாஸ்டல் வாசலில் நான் முறுக்கு டப்பாவோடு நின்றபோது, உன் கூட வந்த பெண்ணிடம், "எங்கப்பா, பிரிண்டிங் பிரஸ்ல இருக்காங்க" என்று சொன்னாய். என் நகக் கண்ணில் மத்தாப்புக்குப் போடுகிற வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு கசந்தது. ஆனால் நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்பதும் புரிந்தது. பட்டாசு என்றால் எந்த ஊர் என்பார்கள், எந்தத் தெரு என்பார்கள், அப்புறம் நீங்கள் யார் ஆளுகள் என்பார்கள். சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைப்பீர்களாமே என்பார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்பார்கள். ஒரு வார்த்தைக்குப் பின்னால் இத்தனை கேள்வி வருமென்றால் பதினெட்டு வயசுப் பெண் வேறு வார்த்தையைத்தான் தேடுவாள். அன்றைக்கு நான் தலையாட்டியதால்தான் உனக்கு அது பழகிப்போனது.

இப்போது உனக்குப் பதினெட்டு வயசு இல்லை. உன் மகன் விவரம் தெரிந்து கேட்கப்போகிறான், தாத்தா என்ன செய்கிறார் என்று. நான் வெடிக்கிற பொருளைச் செய்கிறவன்தான். ஆனால் என் பொறுப்பில் இருக்கிற அறைகளிலிருந்து காலையில் உள்ளே போனவர்கள் எல்லாரும் சாயங்காலம் வேன் ஏறி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இதை நான் பெருமையாகச் சொல்கிறேன். வெளியே யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்லலாம்.

வருகிறேன் ராஜி. வரும் மாதமே வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன், முதலாளியிடம் பேசிவிட்டேன். பையும் பெட்டியும் புதிதாக வாங்குகிறேன். பொடிகளை அங்கே இருக்கிற இந்தியக் கடைகளில் வாங்கி உன் வீட்டிலேயே இடித்துக்கொள்ளலாம், இப்போது எனக்குப் பக்குவம் கைவந்துவிட்டது. திருநீறு மட்டும் வெள்ளைத் தாளில் கட்டி எடுத்து வருகிறேன். அதே வழி, அதே ஊரில்தான் விமானம் மாற வேண்டும். இருபத்தைந்து வருஷத்துப் பொடி ஒரு மாதத்தில் என் கையை விட்டுப் போய்விடும் என்று எனக்கு நிச்சயம் இல்லை. எந்திரம் மறுபடியும் கத்தலாம். என்ன வேலை என்று கேட்டால் போன தடவை சொன்னதைத்தான் சொல்வேன். நம்பர் கேட்டால் இந்தத் தடவை மறைக்க மாட்டேன், உன் நம்பரை நானே எடுத்துக் கொடுப்பேன்.

உன் போன் அடிக்கும். நீ அப்போது வலியில்கூட இருக்கலாம். தெரியாத குரல் ஒன்று உன்னிடம், உங்கள் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்கும். நான் உன் பக்கத்தில் வந்து சேர்வதற்கு இன்னும் பாதி தூரம் பாக்கி இருக்கும். அந்தப் பாதி தூரம் நீ சொல்கிற பதிலில் இருக்கிறது. அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் எனக்குப் போன் செய். வேறு எதுவும் பேச வேண்டாம். அந்தக் கேள்வியை நான் கேட்கிறேன். நீ சொல்லு தாயி, நான் கேட்டுக்கொள்கிறேன்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அப்பா